அயல்நாட்டு விவகாரத்தில் தலையிடலாமா? மகஜர் எழுதுவோருக்கு நான்கு வழிகளின் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்து இளையோர் சிலர், நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுப்பதற்காக மகஜர் (கோரிக்கை மனு) ஒன்றைத் தயாரித்து வருகின்றனர். இலங்கைத் தமிழர், மியன்மாரின் ரோஹிங்கியா மக்கள், காஸா மக்கள் ஆகியோரைக் குறிப்பிட்டு, இத்தகைய கொடுமைகளின்போது மலேசியா என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதே அதன் நோக்கம். வரைவைப் படித்துப் பார்த்தேன். எந்த நாட்டின் உள்விவகாரத்திலும் எவரும் தலையிடக் கூடாது என்கிறது முதல் பத்தி. படையை அனுப்பியாவது மக்களைக் காக்க வேண்டும் என்கிறது மூன்றாவது பத்தி. அதற்கடுத்து வரும் பத்தி பொருளாதாரத் தடையைக் கோருகிறது; கடைசிப் பத்தியோ இரு தரப்பையும் கோலாலம்பூருக்கு அழைத்துப் பேச வைக்கச் சொல்கிறது. நான்கையும் ஒரே தாளில் கேட்டால், வாங்கிப் படிப்பவர் தமக்குத் தோதானதை எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஓரமாக வைத்துவிடுவார். எதை முன்னே வைப்பது என்பதில் எழுதியவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்பதால், நான்கையும் எடைபோட்டு எழுதித் தருமாறு கேட்டனர்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. தலையிடாமையே நம்மைப் போன்ற சிறிய நாட்டுக்கு ஏற்ற அடிப்படை நிலைப்பாடு என்று கருதுகிறேன். ஆனால் அந்தப் பெயரில் நம் நாடு இதுவரை செய்துவந்த எல்லாமே தலையிடாமைதானா என்பதில் எனக்குப் பெரிய ஐயம் உண்டு. அந்த ஐயத்துக்கான காரணங்களும் கீழே வரும்.

## எதைக் கொண்டு எடைபோடுவது

ஐந்து அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன். துன்பப்படும் மக்களின் உயிர் உண்மையிலேயே காக்கப்படுகிறதா என்பது முதலாவது. செலவு யார் தலையில் விடிகிறது என்பது இரண்டாவது. உள்ளே போனபின் வெளியே வர வழி இருக்கிறதா என்பது மூன்றாவது. நாளை வேறொருவர் அதே நியாயத்தைச் சொல்லி நம் வாசலுக்கு வந்தால் நமக்குச் சம்மதமா என்பது நான்காவது. அந்த வேலையைச் செய்து முடிக்கும் வலு நமக்கு இருக்கிறதா என்பது ஐந்தாவது.

இவற்றுள் இரண்டாவதை நான் சற்றுக் கூடுதலாகவே அழுத்துவேன். தோட்டப்புறத்தில் வாழ்ந்த மக்களுக்கு அயல்நாட்டுக் கொள்கை என்பது பத்திரிகைச் செய்தியாக மட்டும் வந்ததில்லை. ஆசியா ஆசியருக்கே என்று முழங்கிக்கொண்டு வந்த ஜப்பானியர், 1942-43 ஆண்டுகளில் தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. 1948 ஜூன் 16ஆம் நாள் இதே சுங்கை சிப்புட்டின் எல்பில் தோட்டத்திலும் அடுத்திருந்த இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பியத் துரைமார் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளரால் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீண்டது. ஏறத்தாழ 5 லட்சம் பேர் முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரைக் காப்பாற்ற இந்திய அரசு எடுத்த முயற்சி பலிக்கவில்லை. மலாயா அப்போது காலனி என்பதால் அவசரகாலத்தை அயல்நாட்டுத் தலையீடு என்ற கணக்கில் நேரடியாகச் சேர்க்க முடியாது. ஆனால் கொள்கையை வகுக்கிறவர் ஒருவராகவும் விலையைக் கொடுக்கிறவர் வேறொருவராகவும் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் வட்டாரத்தில் கிடைக்காது.

## முதல் வழி: தலையிடாமை

இதன் சட்ட அடிப்படை உறுதியானது. பிற நாட்டின் எல்லைக்கும் அரசியல் விடுதலைக்கும் எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்துவதை ஐ.நா. சாசனத்தின் 2ஆவது பிரிவு தடை செய்கிறது. ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் ஐ.நா. அமைப்பே தலையிடக் கூடாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. 1954இல் இந்தியாவும் சீனாவும் ஏற்ற பஞ்சசீலம் என்ற ஐந்து கோட்பாடுகள், ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் கூடிய 1955இன் பாண்டுங் மாநாடு, தென்கிழக்காசியாவை அமைதி, சுதந்திரம், நடுநிலை ஆகியவற்றின் வட்டாரமாக அறிவித்த 1971இன் கோலாலம்பூர்ப் பிரகடனம், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் 1976இல் பாலியில் கையெழுத்திட்ட நட்புறவு ஒப்பந்தம் என்று அது தொடர்ச்சியாக வளர்ந்து வந்தது. காலனி ஆட்சியிலிருந்து அப்போதுதான் வெளிவந்த நாடுகள் இதைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. வலியவனைக் கட்டிப்போட எளியவனிடம் இருக்கும் ஒரே கயிறு சட்டம்தான்.

உயிர்க் கணக்கில் இந்த வழிக்குச் சாதகமாகச் சொல்லக்கூடியது, 1967இல் ஆசியான் தொடங்கிய பிறகு அதன் தொடக்க உறுப்பு நாடுகள் ஐந்தும் தமக்குள் முழுப் போரில் இறங்கவில்லை என்பதாகும். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை நிலைமை வேறு. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா நம்மோடு மோதல் நடத்தியது; 1964 செப்டம்பரில் ஜொகூரின் தோட்டப்புற ஊரான லாபிஸ் அருகே ஏறத்தாழ 100 இந்தோனேசியப் படையினர் வான்குடைகளில் இறங்கினார்கள். ஏகாதிபத்தியத்திடமிருந்து மலாயா மக்களை விடுவிக்க வந்தவர்களாகவே அவர்கள் தங்களைக் கருதினார்கள். உள்ளூர் மக்கள் அவர்களை வரவேற்கவில்லை. பாதுகாப்புப் படைகள் அவர்களைத் தேடிப் பிடித்தன. விடுவிக்க வருகிறவரை விடுதலை பெறவேண்டியவர் எப்படிப் பார்க்கிறார் என்பதை வருகிறவர் முன்கூட்டிக் கேட்பதே இல்லை.

நான்காவது அளவுகோல் நம் சமூகத்தையே தொடுகிறது. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில், மலேசிய இந்தியரின் உரிமை இயக்கமான ஹிண்ட்ராப்பின் பேரணி நடந்தது. பிரிட்டிஷ் தூதரகத்தில் மனு கொடுப்பதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். அதாவது வெளியாரின் உதவியை நாமே தேடினோம். தமிழக முதல்வர் மு. கருணாநிதி, மலேசியத் தமிழர் நிலை குறித்து இந்தியப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இது மலேசியாவின் விவகாரம், அவர் தம் வேலையைப் பார்க்கட்டும் என்ற பொருளில் இங்கிருந்த அமைச்சர் ஒருவர் மறுமொழி கூறினார். தலையிடாமையை அடிப்படைக் கோட்பாடாக எழுதிய ஆசியான் சாசனம் அந்தப் பேரணிக்கு ஐந்து நாள் முன்புதான் சிங்கப்பூரில் கையெழுத்தாகியிருந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அந்தக் கடிதம் பலருக்கு ஆறுதல் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் நிலைமையை அசைத்தது கடிதம் அல்ல. 2008 மார்ச் 8 பொதுத் தேர்தலில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியை வைத்திருந்த ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் ச. சாமிவேலு இந்த ஊர் வாக்காளர்களிடமே தோற்றார். வெளியிலிருந்து வந்த குரல் வெளியாரின் சதி என்று ஓரங்கட்டப்பட்டது. உள்ளிருந்து விழுந்த வாக்கை அப்படி ஒதுக்க எவராலும் முடியவில்லை. தலையிடாமைக்கு ஆதரவாக எனக்குத் தெரிந்த மிக வலுவான வாதம் இதுதான்: மாற்றம் நிலைக்க வேண்டுமானால் அது அந்த மண்ணின் மக்கள் கையால் வர வேண்டும்.

இனி மறைந்திருக்கும் விலை. கம்போடியாவில் 1975க்கும் 1979க்கும் இடையில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் 15 லட்சம் முதல் 20 லட்சம் பேர் வரை மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. அந்த ஆட்சியை 1979 ஜனவரியில் வீழ்த்தியது வியட்நாமியப் படை. அயல்நாட்டுப் படை ஓர் அரசைக் கவிழ்ப்பதை ஏற்க முடியாது என்ற கோட்பாட்டின் பேரில் ஆசியான் நாடுகள் வியட்நாமை எதிர்த்தன, ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலி கெமர் ரூஜ் தரப்பிடமே தொடர்ந்து இருப்பதற்கும் துணை நின்றன. கெமர் ரூஜையும் உள்ளடக்கிய எதிர்ப்புக் கூட்டணி அரசுக்கான ஒப்பந்தம் 1982 ஜூனில் கையெழுத்தானது வேறெங்கும் இல்லை, கோலாலம்பூரில்தான். எல்லைக்கோட்டின் புனிதத்தைக் காக்கப் போய், மக்களைக் கொன்றவர்களுக்கே இருக்கை போட்டுக் கொடுத்தோம்.

இலங்கை விவகாரத்தில் நடந்ததும் இதே போக்குத்தான். போர் முடிந்த சில நாட்களில், 2009 மே 27 அன்று, ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கை அரசுக்கு இணக்கமான தீர்மானம் ஒன்று 29 வாக்குகள் ஆதரவாகவும் 12 எதிராகவும் பெற்று நிறைவேறியது. 6 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. உள்விவகாரத்தில் தலையிடாமை என்ற கோட்பாட்டை அந்தத் தீர்மானமே வலியுறுத்தியது. மலேசியாவும் இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தன. போரின் கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் கூறியது. 2012 மார்ச்சில் இலங்கையைப் பொறுப்புக்கூறச் சொன்ன தீர்மானம் வந்தபோது இந்தியா ஆதரித்தது. மலேசியா ஒதுங்கி நின்றது.

என் சாய்வோடு நான் சேர்த்துச் சொன்ன ஐயம் இங்கேதான் பிறக்கிறது. 2012இல் ஒதுங்கியதைத் தலையிடாமை என்று சொல்ல இடமுண்டு. 2009இல் ஆதரவாகக் கை உயர்த்தியதை அப்படிச் சொல்லவே முடியாது. அது ஒரு தரப்பின் பக்கம் போய் நின்றது. நம் வட்டாரத்தில் இந்தக் கோட்பாடு நடைமுறைக்கு வரும்போது, ஆளுகிறவருக்குச் சாதகமாகத் தலையிடுவதைத் தலையீடு என்றே எவரும் எண்ணுவதில்லை. படைத்தளவாடம் விற்பது, பாராட்டித் தீர்மானம் போடுவது, தப்பி வந்தவரைத் திருப்பி அனுப்புவது ஆகியவை எல்லாம் நல்லுறவு என்ற கணக்கில் சேர்கின்றன. ஒரு கண்டன அறிக்கை மட்டும் தலையீடாகிவிடுகிறது. தலையிடாமையைக் கேட்கிறவர்கள் இரண்டு பக்கமும் தலையிடாமையைக் கேட்க வேண்டும்.

## இரண்டாம் வழி: படை அனுப்புதல்

முதலில் ஒரு வேறுபாடு. மேலே சொன்ன இந்தோனேசிய மோதல் காலத்தில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் நம் பக்கம் நின்று போரிட்டன. 1957இல் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக, நம் அரசு கேட்டு வந்த உதவி அது. தாக்கப்பட்ட நாடு துணை கேட்பதை ஐ.நா. சாசனத்தின் 51ஆவது பிரிவு அனுமதிக்கிறது. இதைத் தலையீட்டுக்கு ஆதாரமாகக் காட்டுவது பொருந்தாது. மகஜர் கேட்பது வேறு: ஓர் அரசின் விருப்பத்துக்கு மாறாக, அதன் மக்களைக் காக்கப் படை அனுப்புவது.

அப்படிப் போனவற்றில் ஓரளவு பலித்தது 1971இன் வங்காளதேசப் போர். ஏறத்தாழ 1 கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்திருந்தனர். அதற்கு முந்தைய ஆண்டுத் தேர்தலில் கிழக்கு வங்க மக்கள் தம் விருப்பத்தை ஐயமறக் காட்டியிருந்தனர். சண்டையிட அவர்களே முன்வந்திருந்தனர். டிசம்பர் 3இல் தொடங்கிய போர் 16ஆம் நாள் முடிந்தது. அடுத்த மார்ச்சுக்குள் இந்தியப் படை வெளியேறியது. அப்படியிருந்தும் ஐ.நா. பொதுச்சபையில் போரை நிறுத்தச் சொல்லி 104 நாடுகள் வாக்களித்தன, எதிர்த்தவை 11. எண்ணிப் பார்த்தால் இத்தனை நிபந்தனைகளும் ஒருசேர அமைவது அரிது.

அதே இந்தியா, 16 ஆண்டுகள் கழித்து, தமிழருக்காகவே இலங்கைக்குப் போனது. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலங்களைப் போட்டபோது உலகெங்கும் தமிழர் மகிழ்ந்தனர். ஜூலை 29இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அமைதி காக்கும் படை இறங்கியது. அக்டோபரில் அதே படை புலிகளோடு போரில் இருந்தது. அந்த மாதத்தில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளேயே மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் கொல்லப்பட்டனர். 1990 மார்ச்சில் கடைசி அணி கப்பலேறும்போது ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் உயிரிழந்திருந்தனர். கொழும்பும் அவர்களைப் போகச் சொன்னது, புலிகளும் போகச் சொன்னார்கள். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலை அந்தக் கணக்கின் கடைசி வரி. மொழி தெரிந்த, பண்பாடு தெரிந்த, கூப்பிடு தூரத்தில் இருந்த, நல்லெண்ணமும் கொண்டிருந்த பெரிய நாட்டுக்கே இந்தக் கதி. ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு குத்துகிறது, குடைகிறது என்று புலம்பிய கதையை நம் முன்னோர் சொன்னது சும்மா இல்லை. மூன்றாவது பத்தியை எழுதிய தம்பிமார்களிடம் நான் கேட்டுக்கொள்வது, 1987 ஜூனையும் அக்டோபரையும் சேர்த்துப் படியுங்கள் என்பதுதான்.

லிபியாவில் 2011இல் பொதுமக்களைக் காக்க ஐ.நா. பாதுகாப்பு மன்றம் கொடுத்த அனுமதி, சில மாதங்களில் ஆட்சிக் கவிழ்ப்பாக மாறியது. அதன்பின் அந்த நாடு இரண்டாகப் பிளவுபட்டுக் கிடக்கிறது. ஆப்கானிஸ்தானைப் பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை. 2001இல் விரட்டப்பட்டவர்களே 2021இல் காபூலுக்குத் திரும்பினர்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1994இல் ருவாண்டாவில் ஏறத்தாழ 100 நாட்களில் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டபோது, அங்கிருந்த சிறிய ஐ.நா. படை வலுவூட்டப்படுவதற்குப் பதிலாகக் குறைக்கப்பட்டது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிகாவில், ஐ.நா. பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட இடத்திலேயே, ஏறத்தாழ 8,000 போஸ்னிய ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். இங்கெல்லாம் உறுதியான படை போயிருந்தால் உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்பதை மறுப்பது கடினம்.

நம் வலு எவ்வளவு? மலேசியா தனித்துப் படை அனுப்பும் நாடு அல்ல. ஐ.நா. கொடியின் கீழ் 1960இல் காங்கோ தொடங்கி, சோமாலியா, போஸ்னியா, லெபனான் வரை நம் படையினர் போயிருக்கின்றனர். 1993 அக்டோபரில் மொகதிஷுவில் சிக்கிக்கொண்ட அமெரிக்கப் படையினரை மீட்கக் கவச வண்டிகளை ஓட்டிச் சென்றவர்களில் மலேசியர் இருந்தனர், ஒருவர் உயிரிழந்தார். ஐ.நா. அனுமதியோடு, பிற நாடுகளோடு சேர்ந்து, காவல் பணிக்கு மட்டும் என்ற இந்த எல்லைதான் நம் கைக்கு எட்டுவது. மகஜரில் அதற்கு மேல் கேட்பது வெறும் பேச்சாகவே நிற்கும்.

## மூன்றாம் வழி: பொருளாதாரத் தடையும் புறக்கணிப்பும்

படையைவிட மென்மையானது என்ற எண்ணத்தில் பலர் இதைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஈராக் அந்த எண்ணத்தைத் திருத்தும். 1990இல் தொடங்கிய தடைகளால் அங்குள்ள எளிய மக்களே நலிந்தனர், ஐ.நா.வின் மனிதநேயப் பணிகளுக்கு அங்கே பொறுப்பாக இருந்த இருவர், 1998இலும் 2000இலும், அதை எதிர்த்தே பதவி விலகினர். சதாம் உசேன் 2003 வரை அரண்மனையில் இருந்தார்.

தென்னாப்பிரிக்கா வேறு கதை. துங்கு அப்துல் ரஹ்மான் 1960இலேயே நிறவெறி அரசுக்கு எதிராகக் குரல் எழுப்பினார். மலாயா அந்நாட்டுப் பொருள்களைப் புறக்கணித்தது. 1961இல் தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டு வெளியேறியது. அங்கே தடையைக் கேட்டவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களின் இயக்கத்தாரே என்பது முக்கியமான வேறுபாடு. அப்படியும் பலன் கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

தடை என்பது இருமுனைக் கத்தி என்று செம்பனை போட்டிருப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2019 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் பிரதமர் மகாதீர் காஷ்மீர் குறித்து இந்தியாவைக் கடுமையாகச் சாடினார். பிறகு அதன் குடியுரிமைச் சட்டத்தையும் விமர்சித்தார். 2020 ஜனவரி 8இல் இந்தியா சுத்திகரிக்கப்பட்ட செம்பனை எண்ணெயின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. நம் எண்ணெயை முந்தைய ஆண்டில் மிக அதிகமாக வாங்கிய நாடு அது. பதிலடி கொடுக்கும் அளவுக்கு நாம் பெரிய நாடு அல்லர் என்று மகாதீரே கூறினார். அந்த மாதங்களில் விலை இறங்கியதற்குக் கொரோனாவும் காரணம் என்பதால் எல்லாப் பழியையும் இதன்மேல் போட முடியாது. இருந்தாலும், நியூயார்க்கில் பேசிய பேச்சின் எதிரொலி, மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் குலைகளை லாரியில் ஏற்றி எடைமேடையில் நிறுத்தி, வாங்குகிறவர் கழிவு போக எழுதித் தரும் ரசீதில் டன் விலையாக வந்து விழுகிறது. பேசியது தவறு என்று சொல்லவில்லை. பேசுவதற்கு முன் அந்த ரசீதைக் கணக்கில் எடுத்தவர் எவருமில்லை என்பதே என் குறை.

ஆனால் இதே துறையில் வெளியாரின் அழுத்தம் நல்லதும் செய்தது. கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் 2020இல் அமெரிக்கச் சுங்கத் துறை நம் நாட்டின் இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களின் சரக்கை நிறுத்தி வைத்த பிறகுதான், வெளிநாட்டுத் தொழிலாளர் கட்டிய முகவர் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றியும் குடியிருப்பைச் சீராக்குவது பற்றியும் பேச்சு வேகம் பிடித்தது. குறிப்பிட்ட நிறுவனம், குறிப்பிட்ட குற்றம், சரிசெய்தால் நீங்கும் என்ற தெளிவான நிபந்தனை ஆகிய மூன்றும் இருந்ததால் அது வேலை செய்தது. ஒரு நாட்டையே மொத்தமாக முடக்கும் தடைக்கும் இதற்கும் தூரம் அதிகம்.

## நான்காம் வழி: நடுவராக இருத்தல்

கண்ணுக்குத் தெரியாமல் மலேசியா நன்றாகச் செய்த வேலை இதுதான். பிலிப்பீன்ஸ் அரசுக்கும், அதன் தென்பகுதி மிண்டானாவ் தீவின் முஸ்லிம் போராளி அமைப்பான மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிக்கும் இடையில் 2001 முதல் கோலாலம்பூர் நடுநின்றது. 2004 முதல் மிண்டானாவில் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியது. 2014 மார்ச் 27இல் முழுமையான ஒப்பந்தம் கையெழுத்தானது. 2014 ஜூலையில் மலேசியப் பயணிகள் விமானம் எம்எச்17 கிழக்கு உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டபோது, உடல்களையும் கருப்புப் பெட்டிகளையும் மீட்க, அந்தப் பகுதியைப் பிடித்து வைத்திருந்தவர்களுடன் நம் அரசு நேரடியாகப் பேசியது. உரக்கக் கண்டித்தவர்களுக்குக் கிடைக்காதது, அமைதியாகப் பேசியவர்களுக்குக் கிடைத்தது.

இதற்கும் விலை உண்டு. மிண்டானாவ் உடன்பாட்டுக்கு 13 ஆண்டுகள் பிடித்தன. இடையில் மக்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நடுவர் இரு கையிலும் கறையில்லாதவர் என்றும் சொல்ல முடியாது: சபா மீதான பிலிப்பீன்ஸின் உரிமைக் கோரிக்கை இன்னும் உயிரோடிருக்கிறது, 1970களில் மோரோ போராளிகளுக்குச் சபாவில் புகல் கிடைத்ததும் வரலாறு. இரு தரப்பும் சண்டையில் களைத்துப் போகாதவரை நடுவரால் ஒன்றும் செய்ய இயலாது. நார்வே நடுநின்ற இலங்கைப் போர்நிறுத்தம் 2002இல் தொடங்கி 2008 ஜனவரியில் முறைப்படி முறிந்தது. மியன்மார் குறித்து 2021 ஏப்ரலில் ஆசியான் எட்டிய ஐந்து அம்ச இணக்கத்தை அங்குள்ள படைத்தலைவர்கள் மதிக்கவில்லை. 2025 ஜூலை 28இல் தாய்லாந்தும் கம்போடியாவும் புத்ராஜெயாவில் போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டன. டிசம்பரில் மீண்டும் சண்டை மூண்டது.

## ஒரே பார்வையில்

| வழி | உயிர் காக்குமா | செலவு யாருக்கு | மறைந்திருக்கும் விலை | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|---|
| தலையிடாமை | போரைப் பரவாமல் தடுக்கும். உள்நாட்டுக் கொலையைத் தடுக்காது | துன்பப்படும் மக்களுக்கு | ஆளுகிறவருக்குத் துணைபோகும் ஆபத்து. அகதிகள் வரவு | பெரும்பாலான உள்நாட்டுச் சிக்கல்களில் |
| படை | அரிதாக | போகும் படையினருக்கும் அந்நாட்டு மக்களுக்கும் | வெளியே வர வழியின்மை | இனப்படுகொலை, ஐ.நா. அனுமதி, குறுகிய இலக்கு மூன்றும் சேரும்போது மட்டும் |
| தடை | மெதுவாக, சில நேரம் | எளிய மக்களுக்கும் நம் ஏற்றுமதியாளருக்கும் | பதிலடி | ஒடுக்கப்பட்டவரே கேட்கும்போது. குறிப்பிட்ட நிறுவனத்தின் மீது |
| நடுவர் | இரு தரப்பும் இணங்கினால் | நேரமும் பொறுமையும் | இழுத்தடிப்புக்குத் திரையாதல் | இரு தரப்பும் களைத்திருக்கும்போது |

## மகஜரில் எதை வைப்பது

முதல் பத்தி இருக்கட்டும். ஆனால் அதை இரு பக்கத்துக்கும் பொருந்துமாறு எழுத வேண்டும். படை அனுப்ப மாட்டோம், ஆட்சி மாற்றம் கோர மாட்டோம் என்பதோடு, தன் மக்களைக் கொல்லும் அரசுக்கு ஆயுதம் விற்க மாட்டோம், அதைப் பாராட்டும் தீர்மானத்துக்கு வாக்களிக்க மாட்டோம் என்பதும் சேர்ந்தால்தான் அது தலையிடாமை. 2009 வாக்கைப் பெயர் சொல்லியே குறிப்பிடலாம். அது நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுப்பத்தக்கது. இரண்டாவதாக நடுவர் பணியை வைக்கலாம். தடையைக் குறிப்பிட்ட நிறுவனங்கள் அளவில் சுருக்கிக் கேட்கலாம். படை கேட்கும் பத்தியை எடுத்துவிடுவதே நல்லது.

அப்படி எடுத்த இடத்தில் வைக்க வேண்டியது ஒன்று, வரைவில் எங்குமே இல்லாதது: அகதிகள். பிறர் வீட்டுச் சண்டையில் நுழைய மாட்டோம் என்று சொல்லும் நாடு, அந்தச் சண்டையிலிருந்து தப்பி வருகிறவருக்குக் கதவடைத்தால், கொல்லுகிறவனுக்கு அதுவே உதவியாகிவிடும். 1978 முதல் 1991 வரை திரங்கானு கடற்கரைக்கு அப்பால் உள்ள பீடோங் தீவில் ஏறத்தாழ 2.5 லட்சம் வியட்நாமிய அகதிகளுக்கு நாம் இடம் கொடுத்திருக்கிறோம். இன்று ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவு செய்த 1.8 லட்சத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் மியன்மாரிலிருந்து வந்தவர்கள், மலேசியாவில் இருக்கின்றனர். 1951 அகதிகள் உடன்படிக்கையில் நாம் கையெழுத்திடவில்லை. சட்டப்படி அவர்கள் வேலை செய்ய முடியாது. தோட்டத் துறையிலும் உற்பத்தித் துறையிலும் 300 ரோஹிங்கியாக்களுக்கு வேலை தரும் முன்னோடித் திட்டம் 2017இல் அறிவிக்கப்பட்டது; அது பெரிதாக ஓடவில்லை.

இதற்கு நம் ஊரிலேயே எதிர்ப்பு வரும். குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு மூன்று தலைமுறை காத்திருக்கும் நம் ஆட்கள் இருக்க, வந்தவர்களுக்கு முதலில் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது; குடியுரிமைக் கோரிக்கை தனி மகஜராகவே போக வேண்டும், இதனோடு கலக்கக் கூடாது. கூலி குறையும் என்ற அச்சத்துக்கு விடை வேறு. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். சட்டப்படி வேலை செய்கிறவருக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும். போலீசுக்குப் பயந்து ஒளிந்து வேலை செய்கிறவரிடம் முதலாளி அதில் பாதிக்கே பேரம் பேசுவார், அந்தப் பேரம்தான் பக்கத்து நிரையில் குலை வெட்டுகிற நம் ஆளின் கூலியையும் இழுத்துக் கீழே போடுகிறது.